பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

புளோரிடாவின் ஓர்லாண்டோ நகரில் ஒரு வாரம் தங்கியிருந்துவிட்டு, டிஸ்னி வேர்ல்டின் வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பிய குடும்பமொன்றை நான் அறிவேன். கல்முனைக் கரையைச் சேர்ந்தவர்கள், கனடாவில் வாழ்பவர்கள். டைம்ஷேர் முறையில் உறவினர் ஒருவருக்கு உரித்தான விடுதி வாரம் அவ்வாண்டு இவர்களுக்குக் கிடைத்திருந்தது. காலையில் நீச்சல் குளம், பகலில் விடுதியின் சமையலறையிலேயே புட்டும் மீன் ஆணமும், பின்னேரத்தில் நடை, இரவில் நெடுநேரப் பேச்சு. ஏழு நாட்களும் இப்படியே கழிந்தன. வீடு திரும்பியதும் சுற்றத்தார் கேலி செய்தார்கள். "ஓர்லாண்டோவுக்குப் போய் டிஸ்னியைப் பார்க்காமல் வருகிறவர்களும் உண்டா?" என்பது கேள்வி. செலவழித்த காசு வீண் என்பது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு தவறானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஓர்லாண்டோவோடு முடிந்துவிடும் விடயமாக இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஓர் ஊரின் பெறுமதியை அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவற்றைக் கொண்டு அளக்கும் இதே மனப்பான்மைதான் கல்முனை முதல் பொத்துவில் வரையான எமது கரையோரத்தையும் ஆட்டிப்படைக்கிறது.

முதலில் டைம்ஷேர் விடயத்தை முடித்துவிடுவோம். விடுதியொன்றின் அறையையோ வீட்டையோ, ஆண்டுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் பலர் பங்கிட்டு வாங்கிக்கொள்வதே இம்முறை. 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிப் பின்னர் அமெரிக்காவில் பெருகியது. 1971 ஒக்டோபரில் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டதன் பின்னர் ஓர்லாண்டோ இதன் பெருஞ்சந்தையாயிற்று. டிஸ்னி நிறுவனமே 1991இல் இவ்வியாபாரத்தில் இறங்கியது. அங்கே விற்பனையாளரின் பேச்சை ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து கேட்பவருக்குக் கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டு மலிவு விலையில் கிடைக்கும். பூங்கா என்பது தூண்டிலில் மாட்டிய இரை. வாங்கியவர் பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை பணத்துக்கும் அவர் வாங்கியது தங்குமிடத்தைத்தான். வாங்கிய பொருளை அனுபவிப்பவன் மடையன். அதைப் பூட்டிவிட்டுப் போய், மேலும் பணம் கொடுத்து, வெயிலில் வரிசையில் நிற்பவன் சமர்த்தன் என்றால் இது என்ன நியாயம்?

இனி எமது கரைக்கு வருவோம்.

"கல்முனையில் பார்க்க என்ன இருக்கிறது?" பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் இக்கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வருபவர் கேட்கிறார். ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து வரும் பேரப்பிள்ளை கேட்கிறான். அவர்களை விடவும் உரக்கக் கேட்பவர்கள் எம்மவர்களே. கேட்டுவிட்டு விடையையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கடற்கரையில் ஒரு கேளிக்கைப் பூங்கா வேண்டும், நீர்ச்சறுக்கு வேண்டும், இராட்சத இராட்டினம் வேண்டும். அப்போதுதான் ஆட்கள் வருவார்களாம்.

எங்கே கட்டுவது என்று கேட்டால் பதில் இல்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கும் ஊருக்கும் எல்லை தெரியாதபடி வீடுகள் நெருங்கிக் கிடக்கும் கரை இது. கிழக்கே கடல்; மேற்கே வயல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் வீடு கட்டக் காணி தேடி அலைந்தார்கள். அவர்களுக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், பங்கீட்டுச் சர்ச்சையிலும் வழக்கிலும் சிக்கி ஆண்டுக்கணக்கில் பாழடைந்து கிடந்த கதையை நாடறியும்.

நிலத்துக்கு இவ்வளவு அல்லாடும் மக்களுக்கு எஞ்சியிருக்கும் பொதுவெளி அந்த மணற்கரை ஒன்றுதான். பின்னேரங்களில் பெண்கள் பிள்ளைகளுடன் வந்து காற்று வாங்குவது அங்கே. இளைஞர்கள் பந்தடிப்பது அங்கே. தோணி கரையேறுவதும் வலை காய்வதும் அங்கே. அதற்கு வேலி போட்டு நுழைவுச்சீட்டு விற்பதையா அபிவிருத்தி என்கிறீர்கள்?

பெரிதாக ஏதேனும் கட்டினால் ஊர் செழிக்கும் என்ற நம்பிக்கை எமக்குப் புதிதல்ல. ஒலுவில் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு அது. அந்தக் கனவை நான் குறைசொல்ல வரவில்லை. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் கோலாகலமாகத் திறந்து வைத்தார்கள். கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து செல்வது. அலைத்தடுப்புச் சுவர் எழுந்ததும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. துறைமுக வாயிலை மணல் மூடியது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையைக் கடல் தின்றது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வணிகக் கப்பல்களும் வரவில்லை. மீனவர்களும் படகுகளை நிம்மதியாக உள்ளே கொண்டுவர முடியாமல் தவித்தார்கள். கட்டியவர்கள் போய்விட்டார்கள். அரிப்பு நின்றது எம்மோடு.

தெற்கே அறுகம்குடாவின் கதை இன்னொரு பாடம். பேரலைக்குப் பின்னர் அரசாங்கம் கடலோரத்தில் தடை வலயம் வகுத்தது. தெற்கில் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டது என்பது உண்மை. ஆனால், குடிசையை இழந்த மீனவன் திரும்பக் கட்டக் கூடாது என்று சொன்ன அதே காலத்தில் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2005இல் அறுகம்குடாவுக்கென்று வரையப்பட்ட அபிவிருத்தித் திட்டத்தில் ஹெலிகொப்டர் இறங்குதளம் வரை இடம்பெற்றிருந்தது. மீனவர்களின் எதிர்ப்பை நேரில் கண்டு, நவோமி கிளைன் 2007இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார்.

அறுகம்குடாவை உலகுக்கு அறிமுகப்படுத்தியது அத்திட்டமன்று. 1970கள் தொட்டு அங்கே வந்துகொண்டிருந்த அலைச்சறுக்கு வீரர்களே அதைச் செய்தார்கள். அவர்கள் எப்படிப்பட்ட விருந்தினர்கள்? கடலோரத்தில் சிறிய அறையொன்றை எடுத்து வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அலை வரும்வரை காத்திருக்கிறார்கள். அலை இல்லாத நாளில் சும்மா இருக்கிறார்கள். அதே கடையில் ரொட்டி சாப்பிட்டு, அதே முச்சக்கர வண்டிக்காரரை அழைத்து, அடுத்த ஆண்டும் அதே வீட்டுக்கே வருகிறார்கள். கிழக்கில் சுற்றுலாவென்று ஒன்று வேர்விட்டு நின்றதென்றால், அது தங்கியிருப்பவர்களை நம்பியே நின்றது. குறிப்பேட்டில் இடங்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு ஓடுபவர்களை நம்பியன்று.

"பிள்ளைகள் சலித்துப் போவார்களே" என்பது ஓர் ஆட்சேபம். சலிக்கட்டுமே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது கடல் அமைதியாக இருக்கும். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். கரைவலையின் கயிறு இரு புறமும் இழுபட்டு, மடி கரை சேர மணிக்கணக்காகும். முதல் நாள் அரை மணியில் பிள்ளை அலுத்துவிடும். மூன்றாம் நாள் கயிற்றில் கை வைக்கும். ஐந்தாம் நாள் கீரி எது, சூடை எது, பாரை எது என்று உங்களுக்கே சொல்லித் தரும். இதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும் இயந்திரம் எந்தப் பூங்காவிலும் இல்லை. மருதமுனையில் தறியின் சத்தமும் அப்படியே. ஒரு முறை எட்டிப் பார்த்தால் அது வெறும் சத்தம். ஒரு சாரன் நூலிலிருந்து துணியாகும்வரை உட்கார்ந்திருந்தால் அது கல்வி.

"தொழில் வாய்ப்பு வேண்டாமா?" என்பது அடுத்த ஆட்சேபம். இது கனமானது, தட்டிக்கழிக்க மாட்டேன். எமது இளைஞர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் தொழில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் காசு எந்தக் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பூங்காவுக்கு முதலீடு வெளியிலிருந்து வரும். இலாபமும் அங்கேயே திரும்பும். ஊராருக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலையும் துப்புரவு வேலையும் மிஞ்சும். ஒரு குடும்பம் ஒரு வாரம் ஊரில் தங்கினால் மீன்காரர், தயிர்க்காரர், இடியப்பம் அவிக்கும் பெண், தையற்காரர், முச்சக்கர வண்டிக்காரர் என்று காசு பத்துக் கைகளில் தங்கும். அத்துடன், ஓரிடத்தை மட்டும் நம்பும் சுற்றுலா ஒரே நாளில் சரிந்துவிடும். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாவைப் பெயர் சொல்லி எச்சரிக்கை விடுத்தபோது அங்குள்ள வியாபாரிகள் கலங்கி நின்றதைக் கண்டோம்.

தங்குவதில் இன்னொரு பயனும் உண்டு. அதுவே எனக்கு முதன்மையானது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவுக்குப் பின்னர் சாய்ந்தமருது என்ற பெயரை நாடு எப்படி உச்சரித்தது என்பது எமக்குத் தெரியும். சந்தேகத்துக்கிடமான அந்நியர்களைப் பற்றிப் பொலிஸாருக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. ஆயினும் அச்சம் முழு ஊரின் மீதும் படிந்தது. ஏ4 வீதியால் பஸ் யன்னலூடாக எமது ஊர்களைப் பார்த்துக்கொண்டு கடந்து போகிறவருக்குத் தெரிவதெல்லாம் பள்ளிவாசலின் மினாராக்களும் கடைப் பலகைகளும்தான். அவர் கொண்டுவந்த அச்சத்தைக் கொண்டுவந்தபடியே திருப்பி எடுத்துப் போவார். நாலு நாள் தங்கியவர் அப்படிப் போக மாட்டார். சாய்ந்தமருதில் சாப்பிட்டு, விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவுக்குப் பின்னேரம் நடந்து போய், கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஏற்றும் கொடியின் கீழ் நின்றவரிடம் இக்கரையைப் பற்றி யாரும் பொய் சொல்ல முடியாது.

அப்படியானால் எதுவுமே கட்ட வேண்டாமா? வேண்டும். தங்க வருபவருக்கு வேண்டியவற்றைக் கட்டுங்கள். கடற்கரையில் பெண்கள் கூச்சமின்றிப் பாவிக்கக்கூடிய கழிப்பறை கட்டுங்கள். நிழலுக்கு மரம் நடுங்கள். குடும்பங்கள் நம்பி எடுக்கக்கூடிய துப்புரவான அறைகளை, எமது வீடுகளிலேயே, ஒழுங்கான பதிவுடன் ஏற்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர் குப்பைக்கு வழி தேடுங்கள். எமது கரையோர ஊர்களின் குப்பை பள்ளக்காட்டில் கொட்டப்பட்டு, அதிலுள்ள பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் சாகின்றன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுவதும் படத்துடன் வெளிவந்தது. எமது மாவட்டத்துக்கு உலகப் பத்திரிகைகளில் கிடைத்த விளம்பரம் அதுதான். அந்த மேட்டை வைத்துக்கொண்டு இராட்டினம் கட்டி யாரை அழைக்கப் போகிறோம்?

வெளிநாடுகளிலிருந்து வரும் எம் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. நான்கு வார விடுமுறையில் சீகிரியா, நுவரெலியா, யால, பாசிக்குடா என்று ஓடிவிட்டு, உம்மாவின் வீட்டுக்கு இரண்டு இரவுகளை மட்டும் ஒதுக்குகிறீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழ்ப் பழமொழி. விருந்தினரின் உரிமை மூன்று நாள் என்பது நபிவழி வந்த மரபு. இரண்டும் சொல்லும் அந்த மூன்று நாளைக்கூட நீங்கள் கொடுப்பதில்லை. மகளுக்கென்று வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கமுள்ள கரை இது. உங்களுக்கோ உங்கள் ராத்தாவுக்கோ என்று கட்டிய வீட்டின் முன்வாசல் திண்ணை, நீங்கள் வந்து உட்கார்வதற்காகவே இருக்கிறது.

ஆகவே, அடுத்த தேர்தலில் யாரேனும் மேடையேறி, கடற்கரையில் பூங்கா கட்டித் தருவேன் என்று சொன்னால், ஒலுவிலில் கடல் கொண்டுபோன கரையை முதலில் மீட்டுத் தாருங்கள், பள்ளக்காட்டுக் குப்பையை முதலில் அகற்றுங்கள் என்று கேளுங்கள். இருக்கும் மணலை மணலாக விட்டுவைத்தாலே போதும் என்றும் சொல்லுங்கள்.