மனிதவள முகாமைத்துவம் பெரிய கம்பனிகளுக்கு மட்டுமா?

மாணவர்களே, மனிதவள முகாமைத்துவம் என்றதும் ஆட்சேர்ப்பு, தெரிவு, பயிற்சி, செயலாற்றுகை மதிப்பீடு என வரிசையாக ஒப்புவித்து விடுகிறீர்கள். ஆனால் இது சிறிய வியாபாரத்துக்குப் பொருந்துமா என வினவினால், "பொருந்தாது, அங்கே முதலாளியே எல்லாம்" என்பதே பலரின் விடை. இதனை நான் ஏற்கமாட்டேன். 2016ஆம் ஆண்டின் தேசியக் கொள்கைப்படி உற்பத்தித் துறையில் 11 முதல் 50 வரை ஊழியர் உள்ளவை சிறியவை; 51 முதல் 300 வரை உள்ளவை நடுத்தரமானவை. முந்நூறு பேரை முதலாளி தனியே பார்த்துக்கொள்ள முடியுமா?

எமது சவளக்கடைக்கு அண்மையிலுள்ள மருதமுனையை எடுத்துக்கொள்வோம். கைத்தறிச் சாறனுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். 1977இன் பின் வந்த இறக்குமதித் துணியும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் இத்தொழிலை நலியச் செய்தன. அவற்றை எந்த முதலாளியும் தடுத்திருக்க முடியாது. ஆயின் வேலையை ஒழுங்கு செய்வது அவர் கையில் உள்ளது. கைத்தறியில் நெய்த அளவுக்கே கூலி கொடுப்பது வழமை, இதுவே துண்டுக்கூலி. நூல் பிந்தினாலோ பாவு ஆயத்தமாகாவிட்டாலோ நெசவாளர் சும்மா இருப்பார். அந்நேரத்துக்குக் கூலி இல்லாததால் முதலாளிக்கு நட்டமில்லை போலத் தோன்றும். கணக்குப் பாருங்கள். 8 மணித்தியாலத்தில் 8 மீற்றர் நெய்யக்கூடியவர் 2 மணித்தியாலம் காத்திருந்தால் 6 மீற்றரே கிடைக்கும். தறியும் கட்டடமும் அதேதான். வெளியீடோ 25% குறைவு. கூலி குறைந்த வீட்டுப் பிள்ளை தறியைத் தொடுமா? கத்தாருக்கோ சவூதிக்கோ போய்விடும். புதியவரைப் பழக்கும் செலவை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

மும்பைக்கு அருகிலுள்ள நெசவு ஆலைகள் பற்றி நிக்கலஸ் புளூம் முதலியோர் 2013இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். தரக்கட்டுப்பாடு, இருப்பு, ஊழியர் ஊக்குவிப்பு முதலியவற்றைச் சீர்செய்த ஆலைகளில் முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17% உயர்ந்தது. (மனிதவளம் மட்டுமே காரணம் என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.) என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. வெளியாரை நம்பிப் பொறுப்புக் கொடுக்க முதலாளிமார் தயங்கியதால், குடும்பத்தில் ஆண்கள் எத்தனை பேரோ அந்த அளவுக்கே ஆலைகள் வளர்ந்தன. கல்முனைக் கடைத்தெருவிலும் காசு மேசையில் இருப்பவர் பெரும்பாலும் மகன், அல்லது மச்சான், அல்லது மருமகன்!

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12%, ஊழியர் 8%. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3%. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும், அவர் துண்டுக்கூலிக்காரராயினும் கட்டவேண்டும். இதைத் தண்டச்செலவு என்போர் உளர். எனினும் பழகிய கையைப் பிடித்துவைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இவ்வினாவுக்கு வரைவிலக்கணத்தோடு நின்றுவிடாதீர்கள். நூல் இருப்பைக் கவனிக்க ஒருவரை நியமித்தல், காத்திருப்பு நேரத்துக்குச் சிறு படி கொடுத்தல் ஆகிய இரண்டையும் அந்த 2 மணித்தியாலக் கணக்கோடு சேர்த்து எழுதுங்கள்.