கல்லோயா: ஓர் இளம் தேசம் உள்நோக்கி விரிந்த கதை

புதிதாகப் பிறந்த தேசங்கள் நிலத்தின் மீது பெரும் பசி கொண்டவை. 1776 இல் சுதந்திரப் பிரகடனம் செய்த அமெரிக்கா, 1803 இல் லூசியானா பிரதேசத்தை 15 மில்லியன் டொலருக்கு பிரான்சிடமிருந்து வாங்கித் தனது பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்கிக் கொண்டது. 1830 ஆம் ஆண்டின் சட்டமொன்று பூர்வீகக் குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்ற வழி செய்தது. 1862 ஆம் ஆண்டின் சட்டமோ குடியேறியவருக்கு 160 ஏக்கர் வரை காணி வழங்கியது. போர்கள் பல நடந்தன என்பது உண்மையே. ஆயினும் கைக்கொண்ட நிலத்தை நிலைநிறுத்தியவை நில அளவையும் காணி உறுதியும் குடியேற்றமுமே என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1948 இல் சுதந்திரமடைந்த இலங்கைக்கு விரிந்து செல்ல ஒரு கண்டம் இருக்கவில்லை. உலர் வலயம் இருந்தது. பிரதமர் டி.எஸ்.சேனநாயக்கவின் அரசாங்கம் 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அதிகார சபையே அதற்கு முன்மாதிரியாயிற்று. இங்கினியாகலையில் அணை கட்டியதும் அமெரிக்க நிறுவனமொன்றே. தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய ஆறு, சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கிற்று.

அங்கு குடியேறியோரை ஆக்கிரமிப்பாளர் எனக் கூறுவது நியாயமாகாது. அவர்களுட் பெரும்பாலானோர் காணியற்ற ஏழை விவசாயிகள். காடு வயலாகியதால் நாட்டுக்கு நெல் கிடைத்தது என்பதும் மறுப்பதற்கில்லை. ஆனால், வேடுவ மக்கள் தம் வேட்டைக் காடுகளை இழந்தனர். குடியேற்றப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள மக்களாகவே இருந்தனர். இப்பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்துவந்த முஸ்லிம்களும் தமிழரும் திட்டத்தின் ஓரத்திலேயே நின்றனர். சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவரப்பட்ட 1956 ஜூனில் கல்லோயாவில் மூண்ட வன்செயல்களில் தமிழர் பலர் உயிரிழந்தமை, அத்திட்டத்தின் மீது படிந்த அழியாக் கறையாகும்.

வாய்க்கால்களைத் தொடர்ந்து நிர்வாக எல்லைகளும் வந்தன. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என மக்கள் செறிந்து வாழும் கரையோரம் இருக்க, குடியேற்றத் திட்டத்துடன் வளர்ந்த அம்பாறை நகரே தலைநகராயிற்று. 1963 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 29 சதவீதமாக இருந்த சிங்கள மக்கள், 2012 இல் ஏறத்தாழ 39 சதவீதமாகினர். முஸ்லிம்கள் 43 சதவீதத்துடன் அப்போதும் முதலிடத்தில் இருந்தனர். ஆயினும் தமிழ் பேசும் கரையோர விவசாயி, காணி அலுவலுக்காகத் தன் மொழி முதன்மை பெறாத கச்சேரிக்குச் செல்ல வேண்டியவனானான். கல்முனை கரையோர மாவட்டக் கோரிக்கை இந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது.

நுரைச்சோலை தரும் பாடமும் இதுவே. 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்கென சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் அங்கு கட்டப்பட்டன. தீகவாபி புனித பூமியைக் காரணங்காட்டி எதிர்ப்பு எழுந்தது. அரச காணியிலுள்ள அவ்வீடுகளை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் வழங்கலாகாதென 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் அவை ஆளின்றிப் பாழடைந்தன. எல்லாருக்கும் சமமென்ற விதி, முன்னைய பங்கீட்டைப் பற்றி எதுவுமே கேளாதபோது எவருக்குச் சாதகமாகும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

அதேவேளை, நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியொன்று உண்டு. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் எல்லைக்காக எதிரெதிரே நிற்கின்றனர். பெரும்பான்மை வரைந்த கோட்டால் துன்புற்ற இரு சமூகங்களும், தமக்கிடையிலான கோட்டை மட்டும் பேசித் தீர்க்க இயலாதிருப்பது வேதனைக்குரியது.

வேறு வழி இல்லையென்று கூறிவிட முடியாது. 1981 இல் கல்லோயா இடதுகரையில் விவசாயிகள் தாமே அமைப்புகளாகத் திரண்டனர். நீர் பற்றாக்குறையான அக்காலத்தில், வாய்க்காலின் மேற்பகுதியிலிருந்த சிங்கள விவசாயிகள் நீரைச் சிக்கனப்படுத்தி, கடைக்கோடியிலிருந்த தமிழ் விவசாயிகளுக்கும் அனுப்பினர். நீரைப் பகிர்ந்தவர்களால் நிலத்தையும் பகிர முடியும்.

அதற்கு நீதியான ஏற்பாடு தேவை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தேசிய காணி ஆணைக்குழுவொன்றை நிறுவ வேண்டுமெனக் கூறிற்று. தசாப்தங்கள் பல கடந்தும் அது ஏட்டளவிலேயே நின்றது. அதனை நிறுவி, கரையோர மக்களின் காணிப் பிணக்குகளை முதலில் விசாரிப்பதே ஆட்சியாளரின் கடமையாகும். தன் எல்லைக்குள் வாழும் அனைவரும் தமது நிலத்தில் அச்சமின்றி வாழும்போதே ஒரு தேசம் உண்மையில் விரிவடைகின்றது.