கூகுளில் கிடைக்காத ஒரு புராஜெக்ட்

பள்ளிக்கூடப் புராஜெக்ட் என்றாலே இன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும்தான் வேலை. தலைப்பைக் கூகுளில் தேடி, கிடைத்ததை வேர்டில் ஒட்டி, நான்கு கலர் படம் சேர்த்து, அட்டை போட்டுக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடுகிறது. இதில் மாணவர் புதிதாகத் தெரிந்துகொள்வது ஸ்பைரல் பைண்டிங் என்ன விலை என்பது மட்டும்தான்.

இப்படிக் காப்பி அடிக்க முடியாத புராஜெக்ட் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி கண்டு, பதிவு செய்து, குடும்ப வரலாறாக எழுதுவது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் தலைப்பை மட்டும் போர்டில் எழுதிப்போட்டால் பயன் இல்லை. "என் தாத்தா பற்றி 500 வார்த்தையில் எழுது" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பாருங்கள். ஆலமரத்தடியில் கதை சொல்லும் அன்பான தாத்தா ஒருவர் வருவார். அவர் யாருடைய தாத்தாவும் அல்ல.

திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டையை எடுத்துக்கொள்வோம். இண்டர்நெட்டில் தேடினால் இது ஒரு பேரூராட்சி, ஆத்தூர் தாலுகா, 2011 கணக்கெடுப்பில் இத்தனை பேர் என்ற விவரங்கள் வரும். வயலுக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது, பம்ப் செட் முதலில் யார் வீட்டுக்கு வந்தது, யார் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார், ஏன் திரும்பி வந்தார் என்பதெல்லாம் எந்த சர்வரிலும் இல்லை. அவை அந்த ஊரின் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் தலைக்குள் இருக்கின்றன. அந்த ஹார்ட் டிஸ்குக்கு பேக்கப் கிடையாது.

வெளிநாட்டில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். நியூயார்க் ரயில் நிலையம் ஒன்றில் 2003ல் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையோடு 'ஸ்டோரிகார்ப்ஸ்' தொடங்கியது. உறவினர் இருவர் உட்கார்ந்து 40 நிமிடம் பேசுவார்கள். அந்தப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். 2015ல் மொபைல் ஆப் வெளியிட்டு, பள்ளி மாணவர்கள் விடுமுறையில் வீட்டுப் பெரியவரைப் பதிவு செய்யும் திட்டத்தையும் தொடங்கினார்கள். நம் நாட்டில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ல் தொடங்கிய 'பாரி' இணையதளம், கிராமத்து மக்களைப் பற்றி மாணவர்கள் எழுதுவதையும் வெளியிடுகிறது. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆப் அல்ல. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடாமல் கேட்கும் அந்த 40 நிமிடத்தைத்தான்.

கேள்வியில்தான் ஆசிரியரின் உதவி அதிகம் தேவை. "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் பாட்டி, "எனக்கென்னப்பா வரலாறு" என்று எழுந்து போய்விடுவார். ஒரு பொருளை முன்னால் வையுங்கள். பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, டிரங்குப் பெட்டி, கிரயப் பத்திரம், எதுவானாலும் சரி. சித்தையன்கோட்டை வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில் "மதுரை மாவட்டம்" என்று இருப்பதைப் பார்த்தால் பையனே கேள்வி கேட்பான். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில்தான்.

ஆண்டைக் கேட்டால் பெரியவர்கள் திணறுவார்கள். அருகில் ஒரு நிகழ்ச்சியை நட்டுக் கேட்க வேண்டும். புதுக்காசு (நயா பைசா) வந்தது 1957 ஏப்ரலில். சத்துணவு தொடங்கியது 1982ல். திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று நன்றாக நினைவிருக்கும். 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில்தான் எம்.ஜி.ஆர். கட்சி முதன்முதலாக ஜெயித்தது. வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. "உங்க கல்யாணம் ரெட்டை இலை ஜெயிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா பாட்டி?" என்று கேட்டால் பதில் உடனே வரும். இப்படிப்பட்ட ஆண்டுகளை ஒரு பக்கத்துக்கு டைப் செய்து மாணவர்களுக்குக் கொடுப்பது ஆசிரியரின் வேலை.

இன்னொரு விஷயம். வீட்டில் பாட்டியிடம் கேட்கும் கேள்விக்குத் தாத்தாவோ மாமாவோ பதில் சொல்லிவிடுவார். பாட்டியைத் தனியாக, அடுப்படியிலோ திண்ணையிலோ பிடிப்பதே நல்லது. மிக்ஸி ஓடாத நேரமாகப் பாருங்கள்.

பதிவுக்கு வீட்டு மொபைல் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டால் நடுவில் கால் வராது. முதல் 5 விநாடி யாரும் பேசாமல் பதிவு செய்யுங்கள். மின்விசிறி இரைச்சலை ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் குறைக்க அந்த மௌனம் மாதிரியாகப் பயன்படும். ஒரு மணி நேரப் பேச்சு 128 கேபிபிஎஸ் எம்பி3 பைலாக 60 எம்பிக்குள் அடங்கிவிடும். இன்றைய பென் டிரைவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எழுதும்போதுதான் கம்ப்யூட்டர் மீது அதிக நம்பிக்கை வைக்கிறோம். கூகுளின் வாய்ஸ் டைப்பிங் 2017 முதல் தமிழிலும் கிடைக்கிறது. செய்தி வாசிப்பது போலப் பேசினால் நன்றாகவே டைப் செய்கிறது. நம் ஊர்ப் பேச்சில் தடுமாறுகிறது. முழுப் பதிவையும் எழுத வேண்டாம். மாணவர் தனக்குப் பிடித்த 10 நிமிடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொன்னது சொன்னபடி எழுதட்டும். முஸ்லிம் வீட்டில் "அத்தா" என்று சொன்னால் "அத்தா" என்றே இருக்க வேண்டும், பக்கத்து வீட்டில் "ஐயா" என்றால் "ஐயா". இரண்டையும் "தந்தை" என்று திருத்தும் ஆசிரியர் சிவப்புப் பேனாவை அன்று வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.

வம்சாவளிப் படம் வரைய 'கிராம்ப்ஸ்' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஆனால் இந்த வகை சாப்ட்வேர்கள் குடும்பப் பெயரை எதிர்பார்க்கின்றன. நமக்கு இருப்பதோ தலைமுறைக்குத் தலைமுறை மாறும் இனிஷியல். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, முழுப் பெயரையும் பெயர்க் கட்டத்திலேயே கொடுங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் ஒரே ஆள் படத்தில் இரண்டு இடத்தில் வந்து நிற்பார். பயப்பட வேண்டாம், உறவு அப்படித்தான். என்னைக் கேட்டால் முதல் படத்தைச் சார்ட் பேப்பரில் பென்சிலால் போடுவதே சுலபம்.

டைப் செய்வது யூனிகோடில் இருக்கட்டும். 2000களின் தொடக்கத்தில் பாமினி எழுத்துருவில் டைப் செய்த குடும்ப வரலாறு எதையாவது இன்று திறந்து பாருங்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் மூலம் அவற்றை மாற்றலாம். தமிழக அரசு யூனிகோடை அங்கீகரித்ததே 2010ல்தான்.

மதிப்பெண் எதற்கு என்பதில்தான் இந்தப் புராஜெக்ட்டின் உயிர் இருக்கிறது. அட்டைக்கும் கலர் படத்துக்கும் பூஜ்யம் போடுங்கள். மாணவர் தயாரித்த கேள்விகளுக்குப் பாதி மதிப்பெண் தரலாம், அதுவும் முதல் நாள் பேட்டிக்குப் பிறகு இரண்டாம் நாளுக்காக மாற்றி எழுதிய கேள்விகளுக்கு. அந்த மாற்றத்தைப் பார்த்தாலே பிள்ளை காது கொடுத்துக் கேட்டதா என்று தெரிந்துவிடும். மீதி, அந்த 10 நிமிட எழுத்துக்கு.

பேட்டியில் கடன், நிலத் தகராறு, ஓடிப்போன கல்யாணம் எல்லாம் வரும். எழுதியதைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டி, "இதை வகுப்பில் படிக்கலாமா?" என்று கேட்காமல் எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வேண்டாம் என்ற பகுதியை எழுத்திலிருந்து எடுத்துவிட்டால் போதும், ஒலிப்பதிவை அழிக்க வேண்டியதில்லை. அதை வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதீர்கள். பெயர், ஊர், தேதி மூன்றையும் பைல் பெயரிலேயே கொடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சித்தப்பாவிடமோ அத்தையிடமோ ஒன்று என மூன்று பிரதி வையுங்கள்.