நடைபாதை மட்டும் போதாது

பாதசாரிக்குத் தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று சொல்லிவிட்டது. அதே வழக்கில் அதே ஆண்டு அக்டோபரில் வந்த தீர்ப்பு, பாதசாரிகளுக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களைப் பணித்திருக்கிறது. வழக்கைத் தொடுத்தவர் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். ஒரு மருத்துவர் தொடங்கியதை இயன்முறை மருத்துவர்களாகிய நாம்தான் முடித்து வைக்க வேண்டும். தீர்ப்பை முழு மனதோடு வரவேற்கிறோம்.

முதியோருக்கு ஏரோபிக் பயிற்சி ஏன் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உச்ச ஆக்சிஜன் நுகர்வு கிலோவுக்கு நிமிடத்துக்கு 15 முதல் 18 மில்லிக்குக் கீழே இறங்கினால் தனித்து வாழ்வது கடினமாகிறது. அந்த எல்லையைத் தள்ளிப்போடுவதுதான் நம் வேலை. 2014இல் வெளியான லைஃப் ஆய்வில் 70 முதல் 89 வயதுவரை 1,635 பேர் இருந்தார்கள். நடையை மையமாகக் கொண்ட பயிற்சி பெற்றவர்களில் 30.1 சதவீதத்தினரும், நலக்கல்வி மட்டும் பெற்றவர்களில் 35.5 சதவீதத்தினரும் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தார்கள். திருச்சி தென்னூரில் 400 மீட்டர் என்பது வீட்டிலிருந்து உழவர் சந்தைக்குப் போகும் தூரம். பையைத் தூக்கிக்கொண்டு தானே காய்கறி வாங்கி வர முடிகிறதா என்பதுதான் தன்னிறைவு.

அந்த வழியில் சாலையைக் கடக்க வேண்டும். தீர்ப்பைப் பற்றிய பேச்சில் பலரும் நடைபாதையின் அகலத்தையும் ஆக்கிரமிப்பையும் பிடித்துக்கொண்டார்கள்; கடக்கும் நேரம் அதிகம் பேசப்படவில்லை. பொறியாளர்கள் வழக்கமாகக் கணக்கில் கொள்ளும் நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். சார்கோபீனியா எனும் முதுமைத் தசை இழப்புக்கு ஆசியப் பணிக்குழு 2019இல் வைத்த எல்லையோ 1.0 மீட்டர். நொடிக்கு 1.1 மீட்டர் நடக்கும் மூதாட்டி நம் அளவுகோலில் நலமானவர். சாலையின் அளவுகோலில் தாமதமானவர். 14 மீட்டர் சாலையை 1.2 மீட்டர் வேகக்காரர் ஏறக்குறைய 12 நொடியில் கடப்பார். 0.7 மீட்டர் வேகக்காரருக்கு 20 நொடி வேண்டும். மூன்று மாதம் பாடுபட்டு அவரை 0.8க்குக் கொண்டுவந்தால் நமக்குப் பெரிய வெற்றி, ஆனாலும் 17.5 நொடி ஆகிறது. நாம் மூன்று மாதத்தில் மீட்டது இரண்டரை நொடி. சிக்னல் விளக்கின் நேரத்தை மாற்றினால் ஒரே நாளில் அதைவிட அதிகம் கிடைக்கும்!

பாதசாரிகளுக்கென விளக்கே இல்லாத சந்திப்புகள்தான் அதிகம். நடுத்திட்டில் நின்று மூச்சு வாங்க இடமிருக்காது. ஒரு துறையைக் கேட்டால் அடுத்த துறையைக் கைகாட்டும். அந்தத் துறை கோப்பு வரவில்லை என்னும். ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் கோயில் மதிலை ஒட்டி நடப்பவருக்குப் பெரிய சாலை எதையும் பெரும்பாலும் கடக்க வேண்டியதில்லை. தென்னூர்க்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒருமுறை ஹார்ன் சத்தத்தில் பதறித் தடுமாறினால் போதும், "இனிமே வெளிய போகாதீங்கப்பா" என்று மகன் சொல்லிவிடுகிறார். பிறகு தொடைத்தசை கரைகிறது, நாம் சேர்த்துக் கொடுத்தது எல்லாம் போகிறது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைத்தடம் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் எட்டு கிலோமீட்டர் நடக்கக்கூடியவருக்கு நாம் தேவைப்படுவதில்லை. சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் போக முடியாதவருக்கு அரசு எந்தத் தடம் போட்டிருக்கிறது?

புதிய விதிகளில் முதியோர் நடமாடும் சந்திப்புகளுக்கு நொடிக்கு 0.8 மீட்டர் என்ற வேகம் எழுத்தில் வர வேண்டும், விதி வகுக்கும் குழுவில் இயன்முறை மருத்துவர் ஒருவர் உட்கார வேண்டும். அதற்கு நம் கையில் எண்கள் வேண்டும். புறநோயாளியாக வரும் 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் நான்கு மீட்டர் நடை வேகத்தை அளந்து, பெயரை நீக்கி, அவர் வழக்கமாகக் கடக்கும் சாலையின் பெயரோடு இதழுக்கு அனுப்புங்கள். தொகுத்து, விதி வகுப்பவர்களிடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.