மாவு பூசிவிட்டு மணல் தூவும் கலை

கருப்பு வெள்ளை போர்ட்ரெய்ட் என்ற பெயரில் இப்போது ஒரு சமையல் நடக்கிறது. செய்முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். முகத்தை எடு. எக்ஸ்போஷரை ஏற்று. 'ஸ்கின் ஸ்மூத்' போட்டு மூக்கு, கன்னம், நெற்றி எல்லாவற்றையும் மைதா மாவு மாதிரி ஆக்கு. கலரை உருவி எடு. கடைசியில், "ஒரு ஃபிலிம் ஃபீல் வரணும்ல" என்று சொல்லிக்கொண்டே கிரெயின் என்கிற பட்டையை ஐம்பதுக்குத் தள்ளு. முடிந்தது. லைக் அள்ளும்.

ஆவடியில் கல்யாண ஆல்பம் போடுகிறவரும் இதைத்தான் செய்கிறார், பூந்தமல்லியில் மாடலிங் போர்ட்ஃபோலியோ எடுத்துத் தருகிறவரும் இதைத்தான் செய்கிறார், எங்கள் காலேஜ் கேமரா கோஷ்டியும் இதைத்தான் செய்கிறது. கேட்டால் "வின்டேஜ் லுக்" என்கிறார்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

என் கட்சி இதுதான். கிரெயின் அழகாகத் தெரிவதற்கு ஒரு குறிப்பிட்ட சாம்பல் நிறம் வேண்டும். நம்ம ஊர் மாநிறத் தோல் கருப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட அந்த நிறத்தில்தான் வந்து உட்காருகிறது. அதை வெளுத்து அழித்துவிட்டு அப்புறம் கிரெயினைத் தேடுவது, வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு கேன் தண்ணீர் வாங்குகிற கதை.

ஏன் என்று சொல்கிறேன். ஃபிலிமில் இருப்பவை வெள்ளி ஹாலைடு படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகம் டெவலப்பரில் கருத்த வெள்ளியாக மாறுகிறது. தனிப் படிகம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு பொடிசு. அவை குவிந்தும் இடைவெளி விட்டும் தாறுமாறாகக் கிடக்கின்றனவே, அந்தத் தாறுமாறைத்தான் பெரிதாக்கிய பிரிண்டில் கிரெயின் என்று பார்க்கிறோம். வேகமான ஃபிலிமில் படிகம் பெரிசு, கிரெயினும் பெரிசு. 1954-இல் 35 மி.மீ. அளவில் வந்த கோடக் ட்ரை-எக்ஸ் அப்படிப்பட்ட வேகமான ஃபிலிம். உலகப் பத்திரிகைப் படங்களின் முகத்தையே மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த கிரெயின் படம் முழுக்க ஒரே சீராகத் தெரியாது. பிரிண்டில் முழுக் கருப்பில் மறைந்துவிடும். வெறும் பேப்பர் வெள்ளையிலும் காணாமல் போகும். நடுச் சாம்பலில்தான் அது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆன்சல் ஆடம்ஸ் தன் நண்பர் ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து உருவாக்கிய ஜோன் சிஸ்டத்தில், சைபர் முழுக் கருப்பு, பத்து முழு வெள்ளை, ஐந்து நடுச் சாம்பல். வெள்ளைக்காரர் தோலை ஆறாவது படியில் வைக்கச் சொன்னார்கள். மாநிறம் ஐந்தை ஒட்டி வரும், நல்ல கருப்பு நாலை ஒட்டி வரும். அதாவது கிரெயினுக்குப் பிடித்த வீட்டில் நாம் பிறக்கும்போதே குடியிருக்கிறோம்!

ஆனால் நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? முகத்தை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஏற்றி ஏழாவது படிக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. அங்கே போன பிறகு தோலில் துளையும் இல்லை, எண்ணெய் மினுக்கும் இல்லை, அம்மைத் தழும்பும் இல்லை. வெள்ளை சுவர் மாதிரி இருக்கிறது. சுவரில் மணலை எறிந்தால் ஒட்டுமா? எறிந்தது எறிந்த மாதிரி மேலே மிதக்கிறது. பார்க்கிறவனுக்கு என்னவோ தப்பாகப் படுகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. "செயற்கையா இருக்குடா" என்று நகர்ந்துவிடுகிறான்.

அடுத்து 'நாய்ஸ்' கூட்டம். ஐஎஸ்ஓவை 6400-இல் வைத்து அரையிருட்டில் எடுத்துவிட்டு, "இதுவும் கிரெயின்தான் பாஸ்" என்பவர்கள். இல்லை பாஸ். வெளிச்சம் துகள் துகளாக வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் பத்து, அதாவது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் நூறு, வெறும் ஒரு சதவீதம். ஆகவே டிஜிட்டல் நாய்ஸ் நிழலில், கண்ணுக்குக் கீழே, தாடைக்கு அடியில், கருத்த முடிக்குள் குடியிருக்கும். கிரெயின் இருக்க வேண்டிய கன்னத்தில் இருக்காது. கூடவே பச்சையும் ஊதாவுமாகக் கலர் புள்ளிகள் வேறு. கலரை எடுத்தாலும் அவை அழுக்குத் திட்டாக நிற்கும். மொபைலோ இதற்கு நேர் எதிர். நாம் கேட்காமலேயே நாய்ஸை வழித்தெடுத்து, முகத்தை மெழுகுப் பொம்மை ஆக்கித் தருகிறது.

"அப்போ தாத்தா காலத்து ஸ்டுடியோ போட்டோ எல்லாம் கிரெயினா இருக்குமே?" என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். இருக்காது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் கண்ணாடித் தகட்டிலோ பெரிய ஷீட் ஃபிலிமிலோ எடுத்தார். நெகட்டிவே உள்ளங்கை அளவு இருக்கும், அதை அதே அளவிலோ சற்றே பெரிதாக்கியோ பிரிண்ட் போட்டார். கிரெயின் தெரிய வழியே இல்லை. வெண்ணெய் மாதிரி இருக்கும். நீங்கள் பார்த்தது கீறலும் பூஞ்சையும் வெள்ளி மங்கியதும். சின்ன 35 மி.மீ. நெகட்டிவைப் பெரிதாக்க ஆரம்பித்த பிறகுதான் கிரெயின் நம் கண்ணுக்கு வந்தது. அது தெருவின், பத்திரிகையின் பழக்கம். பட்டுப்புடவை கட்டி, பூந்தொட்டி பக்கத்தில் நின்று எடுத்த படத்தின் மேல் கிரெயின் போட்டு 'அந்தக் கால ஸ்டுடியோ ஸ்டைல்' என்று விற்பது வரலாற்றுப் பொய்.

பழைய ஸ்டுடியோக்காரரும் புனிதர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் பவுடர் அப்பினார், நெகட்டிவின் மேல் பென்சிலால் தடவித் தடவித் தழும்பை மறைத்தார். வெளுக்கிற வியாதி நமக்குப் புதுசு இல்லை. அன்றைக்குக் கையால் ஒவ்வொரு முகமாகச் செய்தார்கள். இன்றைக்கு ஒரே ப்ரீசெட்டில் முந்நூறு முகம் ஒன்றாக வெளுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கோடக் லேப்களில் கலர் சரிபார்க்க வைத்திருந்த 'ஷெர்லி கார்டு' பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமாகவே இருந்தது என்பார்கள். நமக்கு எந்த அமெரிக்கக் கம்பெனியும் தேவையில்லை, நாமே அந்த கார்டைத் தலைக்குள் வைத்திருக்கிறோம்.

இதில் அம்பத்தூர்க்காரனுக்கு ஒரு தனி வயிற்றெரிச்சல் உண்டு. ஃபிலிம் என்றாலே அமெரிக்கா, ஜப்பான் என்று நினைக்கிறோம். மத்திய அரசு 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் இருந்தது. 1967-லிருந்து உற்பத்தி. 'இந்து' என்ற பிராண்டில் கருப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், புரோமைடு பேப்பர் எல்லாம் வந்தன. இந்து என்றால் நிலா. அம்பத்தூரிலும் அந்த நிறுவனத்துக்கு ஒரு பிரிவு இருந்தது. 1990களில் நலிந்த நிறுவனமாகி, கடன் கழுத்தை நெரித்து, கடைசியில் மூடியே போனது. இப்போது ஆப்களில் ட்ரை-எக்ஸ், ஹெச்பி5 என்று ஃபிலிம் பெயரில் ப்ரீசெட் விற்கிறார்கள். நான் பார்த்த எதிலும் 'இந்து' இல்லை. நம் அப்பா அம்மாவின் முகத்தில் ஒரு பகுதி அந்தப் பேப்பரில்தான் இருக்கிறது. ஹ்ம்ம்.

சரி, திட்டியது போதும், செய்வது எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் ப்ரீசெட் கேட்காதீர்கள்.

முதலில் ரா ஃபைலில் எடுங்கள். பல மொபைல்களில் இந்த வசதி இருக்கிறது. ஜேபெக் எடுத்தால் மெழுகு பூசிய பிறகுதான் படம் உங்கள் கைக்கே வரும். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். தோல் எந்தச் சாம்பலில் தெரிகிறதோ அந்தச் சாம்பலிலேயே விழட்டும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் ஆக்கவே முயலும் என்பதால், மாநிற முகத்தை மட்டும் நெருங்கி அளந்தால் கிட்டத்தட்டச் சரியாகவே வரும். நல்ல கருத்த முகம் என்றால் அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைக்க வேண்டும். அங்கே ஏற்றுகிற கைதான் குற்றவாளி.

அடுத்தது கலரை எடுப்பது. 'சாச்சுரேஷன் சைபர்' என்று எடுக்காதீர்கள். சேனல் மிக்ஸரில் சிவப்பை ஏற்றினால் தோல் வெளுத்து, பரு, தழும்பு எல்லாம் கரைந்துவிடும். அதுவும் இன்னொரு மாவுதான், ஃபேர்னெஸ் க்ரீம் விளம்பரம்தான். பச்சைக்கு அதிகம் கொடுங்கள். உதடு கொஞ்சம் கருக்கும், தோலின் நெசவு மேலே வரும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்திருந்தால் நீலச் சேனலைத் தொடாதீர்கள், நாய்ஸ் முழுக்க அங்கேதான் இருக்கும். கலர் நாய்ஸை முழுதாகக் களைந்துவிடுங்கள், வெளிச்ச நாய்ஸை மட்டும் கொஞ்சம் விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் கிரெயின் ஒட்ட இடமிருக்காது.

கிரெயின் கடைசி வேலை. படத்தின் அளவைச் சுருக்கி, ஷார்ப் செய்து முடித்த பிறகு. முன்பே போட்டால், சுருக்கும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கரைந்துவிடும். ஷார்ப் செய்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரம் கட்டி உப்புத்தாள் ஆகிவிடும். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் கிரெயின் பகுதியில், கிரெயினை நடுச் சாம்பலின் பக்கம் சாய்க்க ஒரு தனிப் பட்டையே வைத்திருக்கிறார்கள். ஃப்யூஜிஃபிலிம் 2016-இல் எக்ஸ்-ப்ரோ2 கேமராவில் ஆக்ரோஸ் என்ற கருப்பு வெள்ளை முறையைக் கொடுத்தபோதும், வெளிச்சத்தில் ஒரு மாதிரி, நிழலில் ஒரு மாதிரி கிரெயின் வரும்படிதான் செய்தார்கள். என்ஜினியர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பட்டையை ஐம்பதுக்குத் தள்ளுகிறவருக்குத்தான் தெரியவில்லை.

இப்போது எனக்கு நிஜமாகவே வலிக்கிற இடம். மேலே சொன்ன மாவுச் சமையல் எல்லோருக்கும் கிடையாது. கல்யாணப் பெண்ணுக்கும் காசு கொடுப்பவருக்கும் மட்டும்தான். அதே கேமராமேன் ஞாயிற்றுக்கிழமை 'ஸ்ட்ரீட்' என்று கிளம்புவார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூ கட்டுகிற பாட்டி, பட்டரவாக்கத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுகிற லேத் பட்டறைக்காரர், திருமுல்லைவாயலில் டீ ஆற்றுகிறவர். இவர்களுக்கு ஸ்மூத் கிடையாது. கான்ட்ராஸ்டை முறுக்கி, கிளாரிட்டியை நூறில் வைத்து, இருக்கிற சுருக்கத்தைப் பள்ளத்தாக்கு ஆக்கி, அதன் மேல் கிரெயினையும் கொட்டி, கீழே 'உழைப்பு' என்று தலைப்பு. அந்தப் பாட்டி அவ்வளவு கருப்பும் இல்லை, அவ்வளவு சுருக்கமும் இல்லை. போட்டியில் பரிசு வாங்குவதற்காக அவரைக் கருக்கியிருக்கிறார்கள். பணம் உள்ள தோலுக்கு மாவு, இல்லாத தோலுக்கு மண். ஒரே மென்பொருளில் இரண்டு சட்டம்! அந்தப் பாட்டியிடம் படத்தைக் காட்டினார்களா என்று கேட்டால் பதில் வராது. ஒரு பிரிண்ட் கொடுத்தார்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

எழுத்தாளர்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்த புதுவை இளவேனிலின் படங்களைத் தேடிப் பாருங்கள். கி.ராஜநாராயணனின் முகத்தில் வயது இருக்கிறது, அது காட்சிப் பொருளாக இல்லை. வயதானவரை மதித்து எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

"கஸ்டமர் கேட்கிறார், வெள்ளையா வேணும்னு" என்பது ஸ்டுடியோக்காரரின் வழக்கமான பதில். ஓரளவு உண்மைதான், வயிற்றுப்பாடு. ஆனால் கஸ்டமருக்கு இரண்டாவது பிரிண்டை யாராவது எப்போதாவது காட்டியிருக்கிறார்களா? ஒரே முகத்தை இரண்டு விதமாக, எட்டுக்குப் பன்னிரண்டு மேட் பேப்பரில் போட்டு மேஜையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது கிரெயினைக் கட்டம் கட்டமாக நசுக்கிவிடும். பேப்பரில், கையில் கொடுத்து, கடைக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று அப்புறம் வந்து எனக்குச் சொல்லுங்கள்.