ஆஸ்பத்திரி பக்கத்தில் ஃப்ளாட்... தூரத்தை எங்கிருந்து அளப்பது?

சென்னையில் வீட்டு புரோக்கர்கள் ஒரு காலத்தில், "ஸ்கூல் பக்கம் சார், பசங்க நடந்தே போயிடலாம்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இப்போது அந்த வசனம் மாறிவிட்டது. "அமைதியான ஏரியாம்மா, ஆஸ்பத்திரி அஞ்சே நிமிஷம்" என்கிறார்கள். வீடு தேடுபவர்களின் வயது கூடிவிட்டதுதான் காரணம். பிள்ளைகளைப் படிக்கவைத்து பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிவிட்டு, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தையும் ஊர் வீட்டை விற்ற பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, கடைசிவரை இருக்கப்போகும் வீட்டைத் தேடும் அப்பா அம்மாக்கள் இவர்கள்.

அடையாறு காந்தி நகர், கஸ்தூரிபா நகர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், கே.கே.நகர் என மர நிழல் மிச்சமிருக்கும் தெருக்களில் ஃப்ளாட்டுக்கு எப்போதும் ஆள் காத்திருப்பது இதனால்தான். அந்தத் தேடலில் தப்பே இல்லை. மாரடைப்புடன் வருபவருக்கு, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த 90 நிமிடங்களுக்குள் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் இலக்கு. பக்கவாதம் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

ஆனால், அந்த 'அஞ்சு நிமிஷம்' எங்கிருந்து எங்கே? புரோக்கர் அளப்பது அபார்ட்மென்ட் கேட்டிலிருந்து ஆஸ்பத்திரி கேட் வரை. அதுவும் பகல் பதினோரு மணிக்கு, ஸ்கூட்டரில். நோயாளியின் பயணமோ கட்டிலில் தொடங்குகிறது. கேஷுவாலிட்டியில் டாக்டர் கை வைக்கும்போதுதான் முடிகிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அளக்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

கட்டிலிலிருந்து கேட் வரை...

முதலில் லிப்ட். ஆறு பேர், எட்டுப் பேர் ஏறும் சாதாரண லிப்ட்டில் ஸ்ட்ரெச்சரை நீட்டி வைக்க இடம் இருக்காது. சென்னையின் சின்ன அபார்ட்மென்ட்களில் இருப்பவை பெரும்பாலும் இந்த அளவு லிப்ட்கள்தான். அப்படியென்றால் உட்காரவைத்து இறக்க வேண்டும், இல்லையென்றால் படிக்கட்டு வழியாகத் தூக்கிவர வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். லிப்ட்டின் உள் ஆழம், படிக்கட்டின் அகலம், படி திரும்பும் இடத்தின் அகலம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் ஒருவரை அந்தத் திருப்பத்தில் நான்கு பேர் திருப்ப முடியுமா என்று நின்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, கரன்ட். "பவர் பேக்கப் இருக்கு" என்பார்கள். அது ஜெனரேட்டரா, பேட்டரியா என்று கேளுங்கள். சில லிப்ட்களில் இருக்கும் பேட்டரி வசதி, கரன்ட் போனால் பக்கத்து மாடியில் லிப்ட்டை நிறுத்திக் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு லிப்ட் ஓடாது. வீட்டில் ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஜெனரேட்டர் லிப்ட்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டுமா, வீட்டுக்குள் ஒரு பிளக் பாயின்ட்டுக்காவது இணைப்பு உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய நகர்களில் லிப்ட்டே இல்லாத மூன்று மாடிக் கட்டடங்கள் நிறைய உண்டு. விலை கொஞ்சம் குறைவாக இருப்பதால் மனசு இழுக்கும். அறுபது வயதில் இரண்டு மாடி ஏறுவது உடற்பயிற்சி. முழங்கால் தேய்ந்த பிறகு அதுவே வீட்டுச் சிறை. 'தரைத்தளம் வாங்கிவிடலாமே' என்றால் அங்கே மழைத் தண்ணீரை யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. நீங்கள் பார்க்கும் தெருவில் அந்த இரண்டு மழைக்கும் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள்.

கேட்டிலிருந்து கேஷுவாலிட்டி வரை...

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. கூப்பிட்டால் வருகிறது. ஆனால், தெருவுக்குள் நுழைய முடிய வேண்டுமே! இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கும் இருபதடித் தெருவில், இரவு பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் திரும்ப இடமிருக்கிறதா? அந்தத் தெருவை ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கும், ஒரு நாள் இரவிலும், ஒரு மழை நாளிலும் போய்ப் பாருங்கள். மூன்று முறையும் ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் போய் நேரம் பாருங்கள். மூன்றில் எது அதிகமோ, அதுதான் உங்கள் தூரம்.

அடுத்த கேள்வி, எந்த ஆஸ்பத்திரி? எழும்பூரில் வீடு என்றால் பக்கத்திலேயே பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் ஒன்று குழந்தைகளுக்கு, ஒன்று மகப்பேறுக்கு, ஒன்று கண்ணுக்கு. அடையாறில் 1954-ல் தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் பெருமை நாடறிந்தது. ஆனால், நெஞ்சுவலிக்கு நள்ளிரவில் ஓட வேண்டிய இடம் அதுவல்ல. கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. தொடர் சிகிச்சைக்கு அது பெரிய ஆறுதல்.

அவசரத்துக்கு என்று பார்த்தால் மூன்று விஷயங்கள் வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் கேத் லேப், சி.டி. ஸ்கேன், இரவிலும் வரக்கூடிய இதய, நரம்பியல் மருத்துவர்கள். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேற்பில் நேரடியாகவே கேட்கலாம். உங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். மூன்று தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லையென்றால், முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்டவேண்டி வரும்.

அமைதி கேட்டால்...

ஆஸ்பத்திரிக்குப் பக்கம், அமைதியான ஏரியா. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. காகிதத்தில் குடியிருப்புப் பகுதியைவிட அமைதியான இடம் அதுதான். நேரில் போய் நின்றால் சைரன், ஆட்டோ ஸ்டாண்டு, ஜெனரேட்டர் புகை, உங்கள் கேட்டை மறித்து நிற்கும் பார்வையாளர்களின் கார்.

இன்னொன்றும் உண்டு. கிரீம்ஸ் ரோடு பக்கம் போனால் தெரியும். கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் தங்குவதற்கென்றே லாட்ஜ்களும் சர்வீஸ் அபார்ட்மென்ட்களும் வரிசைகட்டி நிற்கின்றன. பாவம், அவர்கள் கஷ்டத்தில் வந்திருப்பவர்கள். ஆனால், எதிர்வீட்டில் வாரத்துக்கு ஒரு குடும்பம் மாறினால், நடுராத்திரி அவசரத்துக்குத் தட்ட உங்களுக்குத் தெரிந்த கதவு ஒன்று இல்லாமல் போய்விடும். நாள் வாடகைக்கு விட அசோசியேஷன் அனுமதிக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியின் எதிர்வாடையைவிட, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது மூன்றாவது தெரு என்பது பலருக்கும் பொருந்தும். நிமிடக் கணக்கில் பெரிய நஷ்டம் இல்லை. தூக்கம் லாபம்.

வாங்கிய பிறகு கையில் என்ன மிஞ்சும்?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான். ஒரு கோடி ரூபாய்க்கு மறுவிற்பனை ஃப்ளாட் என்றால், முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 லட்சம் ரூபாய் பதிவுக்கே போய்விடும். பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கினால், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை இந்த இரண்டும் சேர்ந்து 7 சதவீதம் என்ற முறை 2023 டிசம்பரில் வந்தது. கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் பொதுவாக 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பணிநிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு அது இல்லை. இவற்றோடு கமிஷன், ரிப்பேர், பாத்ரூம் கைப்பிடி, மாதாமாதம் மெயின்டனன்ஸ்.

விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு விற்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என்றால் கணக்கே வேறு, பிடித்தம் பல மடங்கு கூடும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இப்படி இருந்ததையெல்லாம் சுவரில் போட்டுவிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரியின் பில்லைக் கட்ட மகனுக்கு போன் செய்யும் நிலை வரக்கூடாது. சர்க்கரை, பிரஷர் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு, புது இன்ஷூரன்ஸ் பாலிசியில் மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். எனவே, வீட்டு பட்ஜெட்டைப் போடுவதற்கு முன் மருத்துவப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் வீட்டுக்கு. அந்தப் பணத்தில் அடையாறு கிடைக்காமல், லிப்ட் உள்ள ஒரு வீடு வேறு பகுதியில் கிடைக்குமானால் அதைப் பாருங்கள். ஊர்ப்பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய கட்டடம், வயதான காலம்!

பத்திரம் பார்ப்பதில் எல்லோருக்கும் தெரிந்தவை உண்டு. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற பிளான், சொத்து வரி ரசீது, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கான யு.டி.எஸ். எவ்வளவு என்பது. வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். புதுத் திட்டம் என்றால் ரெரா பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

வயதானவர்கள் தவறவிடுவது வேறொன்று. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். முப்பத்தைந்து வருடக் கட்டடத்தில் நல்ல யு.டி.எஸ். இருந்தால் அது லாபம்தான், புது ஃப்ளாட் கிடைக்கும். ஆனால், எழுபத்தைந்து வயதில் மூட்டைமுடிச்சைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று வருடம் வாடகை வீட்டுக்குப் போகத் தயாரா? பழைய ஃப்ளாட்டைப் பார்க்கும்போது, அசோசியேஷன் கூட்டத்தில் இடிக்கும் பேச்சு வந்திருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள்.

ஒரு வருடம் வாடகைக்கு!

முடிந்தால் அதே தெருவில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு ஜுரம் எல்லாம் வந்துபோகும். தண்ணீர் லாரி எப்போது வருகிறது, மருந்துக்கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, வாட்ச்மேன் இரவில் விழித்திருக்கிறாரா என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்காது. குடியிருந்தால்தான் தெரியும்.

வாங்கிக் குடிபோனதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாற்றுச் சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். வாட்ச்மேன் போனில் 108-ஐயும், உங்கள் டாக்டர் எண்ணையும், உங்கள் பிள்ளையின் எண்ணையும் பதிந்துகொடுங்கள். தனியாக விழுந்து கிடப்பவருக்கு ஆஸ்பத்திரி எதிர்வீடாகவே இருந்தாலும் பயனில்லை, யாராவது கதவைத் திறந்தால்தான் உண்டு.