பொறுத்துப் போகச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மணிவிழா. மைக்கைப் பிடித்த பெரியவர் தம்பதியை வாழ்த்தியதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதும் வேலை மிச்சம். “அந்தக் காலத்துப் பொம்பளைங்க எல்லாத்தையும் பொறுத்துப் போனாங்க. குடும்பம் நிலைச்சுது, புள்ளைங்க நல்லா வந்தாங்க. இப்போ கம்பெனி பஸ் ஏறுறதுங்க, கையில நாலு காசு பாத்ததும் கோர்ட்டுக்குப் போகுதுங்க” என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

ஐயா, எந்த ஊரில் நின்று பேசுகிறீர்கள்? இந்த ஊர் கொண்டாடும் உடையவர், ராமானுஜர், மனைவியைப் பிரிந்தவர். குருபரம்பரைக் கதைகள் இதை ஒளிக்கவே இல்லை. குருவின் மனைவியோடு கிணற்றடியில் தண்ணீருக்காகச் சண்டை போட்டாராம் தஞ்சம்மாள். அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காஞ்சியில் காவி உடுத்தினார் கணவர். “கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருக்கலாமே சாமி” என்று இத்தனை நூற்றாண்டில் ஒருவராவது அவரைக் கேட்டதுண்டா? சித்திரைத் திருவாதிரைக்கு உற்சவம் அல்லவா நடத்துகிறோம்! பிரிந்தவர் ஆண் என்றால் ஆசாரியர். ஒரகடம் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, அடிக்கிறவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறவள் மட்டும் வாழாவெட்டி. தஞ்சம்மாள் பிறகு என்ன ஆனார்? அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

குடும்பம் நிலைத்தால் பிள்ளைகளுக்கு நல்லதாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இத்தனை பேரும் கோர்ட்டுக்கா போய்விட்டார்கள்? பொறுத்துத்தான் போகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? அப்பாவின் பைக் சத்தத்தை வைத்தே இன்று எந்த மாதிரி இரவு என்று கண்டுபிடிப்பது. குரல் உயர்ந்ததும் தம்பிக்குக் கேட்காதபடி டிவி சத்தத்தைக் கூட்டுவது. பேஷான வளர்ப்பு!

சரி, கல்யாணம் அவ்வளவு புனிதம் என்றால் ஆலை வாசலில் அதற்கு என்ன மரியாதை? சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுகள் மணமான பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சலாம். பிள்ளைப்பேறு, வீட்டுப் பொறுப்பு என்றால் லீவாம். பாரபட்சம் இல்லை என்றது நிறுவனம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. மணிவிழா மைக்குகள் மட்டும் அன்று ஊமையாகிவிட்டன. கோர்ட்டுக்குப் போகிறவளால் கெடும் குடும்பம், கேட்டில் திருப்பி அனுப்பப்படுகிறவளால் கெடாது போலும்.

வீட்டு உரிமையாளர்கள் இன்னொரு ரகம். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்லது. கைக்குழந்தையோடு தனியாக வருகிறவள் எங்கே போவாள்? வாடகைக்கு வீடு கேட்டால் “ஃபேமிலிக்குத்தான் விடுவோம்” என்பார்கள். அவளும் குழந்தையும் ஃபேமிலி இல்லையாம். தஞ்சம்மாளே இன்று பெட்டியோடு வந்து நின்றாலும் மாம்பாக்கத்தில் ஒரு போர்ஷன் கிடைக்காது. “வீட்டுக்காரர் எங்கம்மா?” என்பார்கள். உடையவராக இருக்கிறார் என்று சொன்னால், “அப்போ அவரை வந்து அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லு” என்பார்கள்.

பிள்ளைக்கு வேண்டியது பயமில்லாத வீடு. அதை இருவர் சேர்ந்து கொடுத்தால் சந்தோஷம். ஒருத்தி கம்பெனிச் சம்பளத்தில் கொடுத்தாலும் அது குடும்பம்தான். பெரியவர்களே, உங்கள் மகள் பையோடு வந்து வாசலில் நின்றால் முதலில் சோறு போடுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-லேயே இயற்றிய சட்டம் இருக்கிறது, 181 என்று பெண்கள் உதவி எண் இருக்கிறது என்று சொல்லுங்கள். பொறுத்துப் போகும் உபதேசத்தை அடிக்கிறவனிடம் போய்ச் சொல்லுங்கள்.